பானெட்டுக்குப் பின்னால்

ஜூன் 3, திங்கள்

திங்கட்கிழமை காரை ஸ்டார்ட் செய்யும் நாள். என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போன சட்டங்களில் இதுவும் ஒன்று. வாரம் ஒரு தடவை சாவி போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட வேண்டும். பேட்டரி இறங்கிவிடக் கூடாது. வண்டி கேட்டைத் தாண்டவும் கூடாது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் ஸ்கூல் வேனையே ஓட்டியிருக்கிறேன். ஆனால் இந்தப் பழைய வெள்ளைக் காரில் எனக்கு உள்ள வேலை, உட்கார்ந்து உறுமல் கேட்பது மட்டும்தான்.

இன்று அணைத்துவிட்டு இறங்கியபோது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. நான் குனிவதற்குள் கேமரா பேசிவிட்டது.

கேமராவைப் பற்றி இந்த டைரிக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். வாசற்கதவுக்கு மேலே ஒன்று, ஹாலில் ஒன்று. பார்க்கும், கேட்கும், பேசவும் பேசும். அவர் அங்கே போனைத் திறந்தால் இங்கே நான் தெரிவேன். திருட்டு பயத்துக்கு என்று மாட்டியது. திருடன் ஒருவனும் வரவில்லை, அதனால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அரசி, வண்டிக்குக் கீழ என்ன ஈரம்?"

"ஏசி தண்ணியா இருக்கும்ங்க."

"ஏசி போட்டியா நீ?"

"இல்ல."

"அப்பறம் எப்புடி ஏசி தண்ணி வரும்? பானெட்டத் தூக்கிப் பாரு."

தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தேன். கார் கேட்டைப் பார்த்து நிற்கும். கேமரா வீட்டுப் பக்கமிருந்து பார்க்கும். பானெட் நடுவில் கதவு மாதிரி எழுந்து நின்றது.

"ஒண்ணுந் தெரியல, பானெட்டு மறைக்குது. நீ எங்க நிக்கிற?"

"இங்கதான் நிக்கிறேன்."

"எங்க?"

நாக்கைத் துருத்திக் காட்டினேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ரேடியேட்டரின் அடியில் மாட்டியிருக்கும் தடித்த ரப்பர் ஹோஸ், அதன் வாயைப் பிடித்திருக்கும் இரும்பு வளையமான கிளாம்ப் தளர்ந்திருந்தது. என்ஜின் ஆறும்போது ரப்பர் சுருங்கி, அந்த இடைவெளியில் சொட்டுகிறது. ஸ்குரூடிரைவர் வைத்து முறுக்கினேன். நின்றுவிட்டது. ஆனாலும் பானெட்டை உடனே மூட மனம் வரவில்லை. கேட்டின் கம்பி வழியாகக் காற்று நன்றாக வந்தது.

"என்னாச்சு?" என்றார்.

"தெரியலங்க. நாளைக்கும் பாக்கணும்."

ஜூன் 4, செவ்வாய்

ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு நாளை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 6, வியாழன்

மறுபடி கசிகிறது. கிளாம்ப் தளர்ந்திருந்தது. பழைய கிளாம்ப், அப்படித்தான் இருக்கும்.

தினமும் காலையில் பார்க்கச் சொல்லிவிட்டார். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்துக் காருக்கு அடியில் விரித்தேன், சொட்டு எங்கே விழுகிறது என்று தெரிவதற்காக. பிறகு பானெட்டுக்குப் பின்னால் நின்று ஒரு மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் தொட்டு முழுதாகத் தின்றேன். ஹாலில் உட்கார்ந்து தின்றிருந்தால் "காலங்காத்தால என்ன மாங்கா?" என்று சுவர் கேட்டிருக்கும்.

இந்த டைரியையும் இனி கார்க் கதவுப் பையில்தான் வைக்கப்போகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி, ஒவ்வொரு பக்கத்திலும் பூச்சிமருந்துப் படம் போட்டிருக்கிறது. எழுதுவதும் இங்கே நின்றுதான்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஒரு விஷயம் புரிந்தது. என்ஜின் ஓடினால் கேமராவுக்குக் காது கேட்காது.

எங்கள் வசந்தம் நகருக்குப் பெயர்ப்பலகையும் வளைவும் இருக்கின்றன, நகர்தான் இல்லை. பேராவூரணிக்கு வெளியே தென்னந்தோப்பை அழித்துப் போட்ட மனைகள். மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களுக்கு நடுவில் இரண்டே வீடு, எங்களுடையதும் சகாயராணி அக்காவுடையதும். அக்கா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். "ஹாலுக்குள்ள எதுக்குத் தம்பி கேமரா, அது அவ வீடா ஜவுளிக்கடையா?" என்று போன தடவை அவர் லீவில் வந்தபோது முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அக்காவோடு எனக்குப் பேச்சு கூடாது என்று ஆயிற்று.

இன்று கார் ஓடிக்கொண்டிருக்கும்போது கிழக்கு மதில் மேல் அக்காவின் தலை தெரிந்தது.

"என்னடி, தெனமும் காருக்கு வைத்தியம் நடக்குது?"

"தண்ணி ஒழுகுதுக்கா."

"எங்க?"

காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தார். "இதுக்காடி ஒரு வாரம்?" என்றார்.

நான் ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தேன். உறுமல் கூடியது. அந்தச் சத்தத்துக்குள் அரை மணி நேரம் பேசினோம். வார்டில் ஒரு கிழவர், குளுக்கோஸ் பாட்டிலில் உப்புப் போதவில்லை என்று சண்டை போட்ட கதையைச் சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்துவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்டுக்குப் பதிலாக, அவர் போரிங் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றச் சொல்கிறார். "கூலன்ட்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். நம்மூருல எவன் ஊத்துறான்?" என்கிறார். நம்மூரில் எவனும் ஊற்றுவதில்லை என்பது உண்மைதான். நம்மூர்த் தண்ணீரில் சோறு வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படிவதும் உண்மை. மூடியைத் திறந்தால் ரேடியேட்டரின் கழுத்தெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கிறது. வாளியோடு நான் நடப்பதைக் கேமரா பார்க்கும் என்பதால் அதையே ஊற்றினேன்.

ஜூன் 14, வெள்ளி

அக்கா ஒரு சேதி கொண்டுவந்தார். பட்டுக்கோட்டையில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை லேப், இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ரத்தம் எடுத்துவர ஆள் தேடுகிறதாம். கல்யாணத்துக்கு முன்னால் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து ஒரு வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்தச் சர்டிபிகேட் இப்போது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

"ஒன்னயப் பத்திச் சொல்லிட்டேன். ஆனா சொந்தமா வண்டி இருக்கணுமாம். ஐஸ் பெட்டிய வச்சுக்கிட்டு வெயில்ல அலையணும்ல."

என் ஸ்கூட்டியைக் கல்யாணமான வருஷமே அவர் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். நானும் அக்காவும் ஒரே நேரத்தில் காரைப் பார்த்தோம்.

ஜூன் 17, திங்கள்

லேப் மேடம் அக்காவின் போனில் பேசினார். என் போனில் வேறு பெயர் வந்தால் ஹால் கேமராவுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். அதனால் பானெட்டுக்குப் பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"என்னம்மா சத்தம்?"

"கார் மேடம். செக் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"ஓ, வண்டி வேலைலாம் தெரியுமா? நல்லது. வெயின் கெடைக்காத வயசானவங்ககிட்ட எடுத்திருக்கியா?"

"எடுத்திருக்கேன் மேடம். கைல கெடைக்கலன்னா பொறங்கைல எடுப்பேன்."

ஜூலை ஒன்றாம் தேதி காலையில் வண்டியோடு வந்து சேரச் சொல்லிவிட்டார். வராவிட்டால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவாராம். சரி என்றேன். அந்தச் சரியை என் வாயிலிருந்து நானே கேட்டேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வேலைக்குப் போகட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். திட்டவில்லை. "உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று மட்டும் கேட்டார். நான்கு நாள் அதையே கேட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 19, புதன்

அக்காவுக்குக் கண் கூர்மை. "நேத்து நல்லா இறுக்குனதப் பாத்தேனே. எப்புடிடி ராத்திரில லூசாகுது?" என்றார்.

"அதிர்வுக்கா."

"நிக்கிற வண்டில அதிர்வா?"

நைட்டிப் பையில் இருந்த ஸ்குரூடிரைவர் பெரியது, பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார், பிறகு முருங்கைக்கீரை வேண்டுமா என்று கேட்டார்.

ஜூன் 20, வியாழன்

கேமராவில் இன்று குரல் ஒரு மாதிரி இருந்தது.

"எத்தன நாளா இதையே பாத்துக்கிட்டு இருப்ப? முருகையன அனுப்புறேன், அவன் பாப்பான்."

முருகையன் அவருடைய சித்தப்பா மகன். நெல் அறுக்கும் மெஷின் வைத்திருப்பதால் எல்லா மெஷினும் தனக்குத் தெரியும் என்று நினைக்கிற மனிதர்.

ஜூன் 22, சனி

முருகையன் வந்தார். குனிந்து பார்க்கவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணி, வீட்டுல மஞ்சத்தூள் இருக்குல்ல?"

"எதுக்குத் தம்பி?"

"ரேடியேட்டர்ல எங்கயாச்சும் ஊசி ஓட்ட இருக்கும். ரெண்டு கைப்புடி மஞ்சத்தூளப் போட்டா போயி அடைச்சுக்கும். லாரிக்காரங்கல்லாம் இதத்தான் பண்ணுவாங்க."

ரேடியேட்டரில் ஓட்டை இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பிறகு எங்கேதான் கசிகிறது என்று கேட்பார்கள். அதற்கு மேல் என்ன சொல்வது?

"ரேடியேட்டர் பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவன் சொல்றபடி செய்யி" என்றது வாசற்கதவின் மேலிருந்து.

சாம்பாருக்கு அரைத்து வைத்திருந்த நல்ல மஞ்சள்தூள் அத்தனையும் போனது. முருகையன் ஓடவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் ஏப்பம் விட்டு, மூடியைப் போடுவதற்குள் டைல்ஸ் முழுக்கக் கக்கியது. முருகையனின் வெள்ளை வேட்டி கல்யாண வேட்டி ஆனது. அந்த மஞ்சள் கறையைப் பற்றி மட்டும் மஸ்கட்டிலிருந்து ஒரு மணி நேரம் பேச்சு வந்தது. சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி. உடனே அணைத்தேன். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் என்ஜினின் தலைப்பாகம் வளைந்து, வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

ஆவியை அவரும் பார்த்தார்.

"போதும். இந்த வண்டியே வேணாம், வித்துடலாம். முருகையன் ஒரு பார்ட்டி வச்சிருக்கான், அடுத்த ஞாயித்துக்கிழம வருவாங்க. வண்டி உன் பேருலதான இருக்கு, பேப்பர் கொண்டாருவான், கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு."

வாங்கும்போது அவர் ஊரில் இல்லாததால் என் பேரில் வாங்கியது. அதை நானே மறந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் தேதி. மறுநாள் ஒன்றாம் தேதி. நான் சரிங்க என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே கேமரா இல்லை, ஆனால் ஹால் கேமராவுக்குச் சத்தம் எட்டும் என்பதால் மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு அழுதேன்.

ஜூன் 24, திங்கள்

என்ஜின் நன்றாக ஆறியபிறகு கழற்றிப் பார்த்தேன். இரண்டு கேடு. ஒன்று, மஞ்சளும் பழைய உப்பும் சேர்ந்து ரேடியேட்டரின் சந்துகளை அடைத்திருக்கிறது. அதனால்தான் சூடு. இன்னொன்று, அந்த அடி ஹோஸ் இப்போது நிஜமாகவே கிழிந்துவிட்டது. கிளாம்ப் உட்காரும் இடத்தில் ரப்பர் அரைபட்டு, விரல் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. தினமும் இறுக்குவதும் தளர்வதுமாக இருந்தால் எந்த ரப்பரும் கிழியத்தான் செய்யும். இப்போது எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

மூன்று வாரமாகச் சொட்டியபோது எனக்கு ஒரு கவலையும் இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

வெளி மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. நான் தனியாக இருக்கும்போது தெரியாத ஆண் கேட்டுக்குள் வரக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஹோஸின் அளவை நூலில் எடுத்து, போனில் படமும் பிடித்து, மதிலுக்கு மேலே அக்காவிடம் கொடுத்தேன்.

ஜூன் 27, வியாழன்

அக்கா பட்டுக்கோட்டையிலிருந்து புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், பச்சைக் கூலன்ட் கேன் எல்லாம் வாங்கி வந்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பையில் போட்டு மதில் மேல் நீட்டினார்.

"கடைக்காரன், யாரு மெக்கானிக்குன்னு கேட்டான். மங்கையர்க்கரசின்னு சொன்னேன். புது ஒர்க் ஷாப்பா அக்கான்னு கேக்குறான்."

சிரிக்க முயன்றேன். பயமாக இருக்கிறது. வண்டி சரியானாலும் ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

காலை முழுக்க வேலை. அடியில் இருக்கும் திருகைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் வடித்தேன். குழம்பு மாதிரி வந்தது. கேமரா எழுந்துகொண்டது.

"என்ன பண்ற?"

"விக்கப்போற வண்டிங்க. கழுவி வைக்கிறேன்."

"ஆங், நல்லாக் கழுவு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

பழைய ஹோஸைக் கழற்றிவிட்டு, தோட்டத்துக் குழாயை ரேடியேட்டரின் அடிவாயில் கொடுத்து எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டேன். மஞ்சள், பிறகு துரு, பிறகு வெள்ளைப் பொருக்கு, கடைசியில் தெளிந்த தண்ணீர். அதுவரை நிறுத்தவில்லை. புது ஹோஸின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி நுழைத்தேன். கிளாம்பை விளிம்பில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை மட்டும் இறுக்கினேன். குடிக்கிற கேன் தண்ணீரில் கூலன்டைக் கலந்து ஊற்றினேன். மூடியைப் போடாமல் என்ஜினை ஓடவிட்டு, உள்ளே ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்தேன். உள்ளே சிக்கிய காற்று ஒவ்வொரு குமிழாக வெளியே வந்தது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். முள் நடுவில் வந்து நின்றது. ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நின்றது. மூடியைப் போட்டு இறுக்கினேன்.

அப்பாவின் வேனில்கூட இவ்வளவு சுத்தமாக நான் வேலை பார்த்ததில்லை. ஒருவரிடமும் காட்ட முடியாத பெருமை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 29, சனி

காலையில் அட்டை காய்ந்திருந்தது. ஸ்குரூடிரைவரைக் கழுவித் துடைத்து டூல் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

முருகையன், வாங்க வந்தவரோடும் பேப்பர்களோடும் வந்தார். வந்தவர் ஒரத்தநாட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியவர், மரியாதையான மனிதர். டீ கொடுத்தேன். ஸ்டார்ட் செய்து பார்த்தார். "ஒழுகுதுன்னு சொன்னாங்க, ஒண்ணையுங் காணுமே" என்றார்.

"மஞ்சத்தூளு" என்றார் முருகையன்.

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. பானெட் மூடியிருந்தது. மறைந்துகொள்ள ஒன்றும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நான் கையெழுத்துப் போடல தம்பி."

"என்ன அண்ணி?"

கேமரா குறுக்கிட்டது. "அரசி, என்ன சொல்ற?"

படியில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். இத்தனை நாளில் அந்தக் கண்ணை நான் நேராகப் பார்த்ததே இல்லை.

"வண்டி எனக்கு வேணும்ங்க. நாளைலேருந்து வேலைக்குப் போறேன். பட்டுக்கோட்டைல ஒரு லேப்பு. ஊரு ஊராப் போயி ரத்தம் எடுக்குற வேல. அதுக்கு வண்டி வேணும்."

பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் தரையின் மஞ்சள் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு முடிவு பண்ணுன?"

"யாரையும் கேக்கல."

"உனக்கு என்ன கொறை வச்சேன்?"

"கொறையில்லங்க. வேலைக்குப் போறேன், அவ்வளவுதான்."

"நாலு பேருக்கு முன்னாடி என்ன பேச்சு இது. உள்ள போ, உள்ள போயிப் பேசிக்கலாம்."

"உள்ளயும் நீங்கதான இருக்கீங்க" என்றேன்.

பெரியவர் எழுந்து, "அப்ப நாங்க வர்றோம்மா. டீ நல்லாருந்துச்சு" என்றார். முருகையன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே பைக்கை உதைத்தார்.

ஜூலை 1, திங்கள்

போனேன். கேட்டைத் திறந்தபோது கேமராவைப் பார்க்கவில்லை. ரெட்டவயல் தாண்டும்வரை போன் அடிக்கும் அடிக்கும் என்று காத்திருந்தேன், அடிக்கவில்லை. முள் நடுவிலேயே நின்றது. லேப் மேடம் நினைத்ததைவிடச் சின்ன வயது. மூன்று கிராமம் போனேன். ஒரு பாட்டிக்குப் புறங்கையில் முதல் குத்திலேயே எடுத்தேன். "வலிக்கவே இல்லியே தாயி" என்றார்.

திரும்பி வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி ஹால் கேமராவின் ஒயரைப் பிடுங்கினேன். உடனே போன் வந்தது. கேமரா இல்லை, போன்.

"கழட்டிட்டியா?"

"ஆமா."

பின்னால் பலர் பேசும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டது. அவர் அறையில் ஆறு பேர்.

"கிளாம்ப நீதான் தெனமும் லூஸ் பண்ணுனன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

ஏறி நின்ற ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"காலை வெயில்ல உன் நெழலு மேக்கு மதில்ல நல்லா விழும். பானெட்டுக்கு அந்தாண்ட நீ குனியிறது, நிமிர்றது, கையத் திருகுறது எல்லாந் தெரியும். அந்த நர்சம்மா தலையும் தெரியும். நீங்க சிரிக்கிறது தெரியும். உனக்குத் தோள் குலுங்கும்."

"தெரிஞ்சுமா ஒண்ணுங் கேக்கல?"

"கேட்டா நீ பானெட்ட மூடிடுவ." நிறுத்தினார். "என்கிட்ட நீ அப்புடிச் சிரிச்சதில்ல. சாப்புடும்போது அதத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்பறம் ஒரு நாளு போன காதுல வச்சுக்கிட்டு நின்ன. யாரோ என்னமோன்னு பயமாயிருச்சு. அதான் முருகையன அனுப்புனேன். அதான் வண்டிய விக்கச் சொன்னேன்."

பாவமாக இருந்தது. உண்மையாகவே பாவமாக இருந்தது. ஆறு பேர் அறையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஆடும் என் நிழலைப் பார்த்துச் சாப்பிடும் மனிதர். ஆனால் அதே நேரம் பற்றிக்கொண்டும் வந்தது. எனக்கென்று கிடைத்த ஒரே மறைவான இடத்தையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாவம் பார்த்துப் பார்த்தே இத்தனை வருஷம் ஓடியதும் எனக்கு ஞாபகம் வந்தது.

"வாசல்ல இருக்குறத மட்டும் எடுத்துடாத அரசி."

யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

யோசித்தேன். அதையும் பிடுங்கிவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

மூன்று நாளாக அவர் பேசவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது. வீட்டுக்குள் என் செருப்புச் சத்தமே எனக்குப் புதிதாகக் கேட்கிறது. இரண்டு தடவை நானே போனை எடுத்து, எண்ணைத் தொட்டுவிட்டு வைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது, வருத்தப்படுகிறேன் என்றா? நான் வருத்தப்படவில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, அது வேறு.

ஜூலை 7, ஞாயிறு

மத்தியானம் போன் வந்தது. பின்னால் அதே பாத்திரச் சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, புதுசாகப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"என்ன சாப்ட்ட?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. மஸ்கட் போனபிறகு, கேமராவிலேயே தெரிந்துவிடும் என்பதால், கேட்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

"சோறும் முருங்கக்கீரையும்" என்றேன். "நீங்க?"

"குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்" என்றார். அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் சாப்பிட்டது பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் பரோட்டாவும் சால்னாவும்.